இழுப்பறைக்காக யாராவது அழுவார்களா?

போன வாரம் மேசை இழுப்பறை பாதியில் சிக்கிக்கொண்டது. புதிதில்லை, ஆறு மாதமாகச் சிக்குவதுதான். அன்றைக்கு மட்டும் அதை ஓங்கி உதைத்துவிட்டு, கால் விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். "இதுக்குப் போயா?" என்றார்கள் வீட்டில். எனக்கும் அதே கேள்விதான்.

அப்புறம் யோசித்தால், ராத்திரி முழுக்கச் சொட்டிய குழாய், ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் ஏறும் சார்ஜர், ஓடிபி வந்து சேர்வதற்குள் காலாவதியான பக்கம், "ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தை விழுங்கிய போன்... ஒன்றுகூட வெளியே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. சிக்கலே அதில்தான். பெரிய துயரம் என்றால் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள், வேலையில் லீவு கிடைக்கிறது. சார்ஜருக்கு யார் துக்கம் விசாரிக்க வருவார்கள்?

மன அழுத்தத்தை அளந்தவர்களும் முதலில் பெரியதைத்தான் எண்ணினார்கள். 1967இல் ஹோம்ஸும் ரேயும் போட்ட பட்டியலில் 43 வாழ்க்கை நிகழ்வுகள், துணையின் மரணத்துக்கு 100 புள்ளி. 1981இல் கேனர், லாசரஸ் குழுவினர் 117 அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டு நடுத்தர வயதினரிடம் மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தபோது, மன உளைச்சலின் அறிகுறிகளைப் பெரிய நிகழ்வுகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நன்றாகக் காட்டிக்கொடுத்தன. ஏற்கெனவே உளைச்சலில் இருப்பவருக்கு எல்லாமே தொல்லையாகத்தானே தெரியும் என்று பின்னால் ஆட்சேபம் கிளம்பியது, நியாயம்தான். ஒன்றையொன்று தின்று இரண்டும் வளர்கின்றன என்பது என் கட்சி.

எனக்கு அதைவிடப் பிடித்தது கிளாஸ், சிங்கர் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த இரைச்சல் சோதனை. எப்போது வரும் என்று தெரியாத சத்தத்தைக் கேட்கவைத்து, சிலரிடம் மட்டும் அதை நிறுத்த ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள், முடிந்தவரை அழுத்த வேண்டாம் என்றும் சொல்லி. பெரும்பாலோர் தொடவேயில்லை. சத்தம் எல்லோருக்கும் ஒன்றேதான், ஆனால் பிறகு கொடுத்த புதிர்களைச் சீக்கிரம் கைவிடாமல் அதிக நேரம் மல்லுக்கட்டியவர்கள் பொத்தான் கிடைத்தவர்களே. நிறுத்த முடியும் என்ற நினைப்பே போதுமாக இருந்திருக்கிறது!

அதனால் "சின்ன விஷயம், கண்டுக்காதே" என்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டுத்தானே ஆறு மாதம் ஓடியது.

நேற்று இழுப்பறையின் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது. சார்ஜரை இன்னும் கோணலாகப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.