தரகருக்கு 'இடை' எதற்கு?

'இடைத்தரகர்' என்பதுதான் முழுச் சொல், 'தரகர்' அதன் சுருக்கம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தரகு என்றாலே நடுவில் நின்று முடித்துக் கொடுப்பதற்கான கூலிதானே, தனியாக ஓர் 'இடை' எதற்கு? செய்திகளில் அந்த 'இடை' ஒட்டிக்கொண்டாலே ஆள் மோசம் என்று அர்த்தமாகிவிடுகிறது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாட்டுச் சந்தையில் வெறும் தரகர்தான். துண்டைப் போட்டு, அதற்கடியில் விற்பவர் விரலைப் பிடித்து விலை பேசுவார். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. (சின்ன வயதில் துண்டுக்குள் எட்டிப் பார்த்து அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.)

மாங்காய் மண்டிக்காரரையும் தரகர் கணக்கில் சேர்த்தது சரியில்லை. அவர் விவசாயிக்கு முன்பணம் கொடுப்பார், சரக்கை இறக்கி விற்றுக் கமிஷன் பிடிப்பார். தரகர் பேசி முடிப்பதோடு சரி, சரக்கு அவர் கைக்கே வராது.

அப்புறம், தரகரைக் குறிக்கும் 'தல்லாளி' என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே! அரபு 'தல்லால்' வழி வந்தது. கன்னடத்திலும் தல்லாளி, தெலுங்கில் தளாரி. மூன்று மொழியும் புழங்கும் ஓசூர்ப் பக்கம் எல்லோருக்கும் புரியும். ஆனால் அங்கே வாடகைக்கு வீடு தேடிப் போனால் 'புரோக்கர்' மட்டும்தான்.