எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறின

நகராட்சிக் கூட்டம் பற்றி நம் கண்ணில் படுகிற செய்தி இரண்டே வகைதான். ஒன்று, கவுன்சிலர்கள் காரசார வாக்குவாதம், வெளிநடப்பு, தலைவர் இருக்கைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தர்ணா. இன்னொன்று, உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி: சாதாரணக் கூட்டம் நடந்தது, எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறின. முதல் வகையைப் படித்துவிட்டுத் திட்டுகிறோம், இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால் நாம் கோபப்பட வேண்டியது அந்த இரண்டாவது செய்திக்குத்தான். அறுபது எழுபது பொருள் கொண்ட அஜெண்டாவை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போனார்கள் என்றால், ஊரின் ஒரு மாதத்துச் செலவை யாருமே படித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த அஜெண்டாவை ஒரு முறையாவது வாங்கிப் பாருங்கள். ப்ளீச்சிங் பவுடர் கொள்முதல், தெருவிளக்குக்கு உதிரிப் பொருள்கள், குப்பை வண்டிக்கு டயர், கொசுப்புழு ஒழிக்கும் டி.பி.சி. பணியாளர்களை இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்ள அனுமதி, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்துக்குக் குத்தகை, தெருநாய்களுக்குக் கருத்தடை. ஒவ்வொரு பொருளும் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வாக்கியமாக ஓடி 'மன்றத்தின் அனுமதிக்கு' என்று முடியும். கீழே அலுவலகக் குறிப்பு, 'அனுமதிக்கலாம்'. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் குழாயில் தண்ணீர் வருமா, தெருமுனையில் குப்பை அள்ளுவார்களா, மழைக்காலத்தில் டெங்கு வராமல் இருக்குமா என்பதெல்லாம் முடிவாவது இந்த வாக்கியங்களில்தான்.

இதில் ஒரு வகைப் பொருள் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 'தலைமை நீரேற்று நிலையத்தில் மின்மோட்டார் பழுதடைந்து குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டதால், பொதுமக்கள் நலன் கருதி, அவசர அவசியம் கருதி, உடனடியாகப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் அனுமதிக்கு' என்கிற மாதிரி வரும். கவனித்தீர்களா, வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. தலைவரிடம் முன் அனுமதி வாங்கிச் செய்து முடித்துவிட்டு, அப்புறம்தான் மன்றத்துக்கு வருகிறது. இந்த வழியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மோட்டார் கருகிப்போனால் அடுத்த கூட்டம் வரைக்கும் ஊர் தண்ணீர் இல்லாமல் காத்திருக்க முடியாது. ஆனால் அதே நீரேற்று நிலையம், அதே மோட்டார், ஒரு கூட்டத்தில் காயில் கட்டியது, அடுத்ததில் பேரிங் மாற்றியது, அதற்கடுத்ததில் பேனல் போர்டு என்று வந்துகொண்டே இருந்தால்? தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஓராண்டுத் தொகையைக் கூட்டினால் புது மோட்டாரே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும். அதோடு, இப்படித் துண்டு துண்டாக வருவதாலேயே போட்டி ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறதா என்கிற கேள்வியும் வரும். ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு உயிர் இருப்பதும் இல்லாததும் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. பழைய அஜெண்டாக்களைப் பத்திரமாக எடுத்துவைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற ஒரே ஒரு கவுன்சிலர் போதும். 'இந்த மோட்டார் ஏப்ரல் கூட்டத்திலும் வந்ததே, அப்போது மாற்றிய பேரிங்குக்கு உத்தரவாதம் இல்லையா' என்று கேட்டால், பொறியாளர் எழுந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை மதிப்பீடு போடும்போது கை கொஞ்சம் தயங்கும். மைக்கைத் தட்டிவிட்டு வெளிநடப்பு செய்வதைவிட இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம், ஆனால் இது செய்தியாக வராது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். எந்த நிதியிலிருந்து செலவு, வருவாய் நிதியா, குடிநீர் வடிகால் நிதியா, கல்வி நிதியா என்று குறிப்பில் இருக்கும். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், திடக்கழிவு போன்றவற்றுக்கே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. அந்தப் பணம் வந்த ஊரில் குப்பைக் கிடங்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தால், எந்தப் பொருள் எண்ணில் எதற்குச் செலவானது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நம் வரியும் இதில்தான். 2022-ல் சொத்து வரி உயர்ந்ததே, வீட்டின் அளவைப் பொறுத்து நகராட்சிகளில் 25 முதல் 100 சதவீதம் வரைக்கும், அது அரசாணையாக வந்தாலும் மன்றங்களில் தீர்மானமாக வைக்கப்பட்டது. புதுக் கவுன்சிலர்கள் பதவியேற்ற அடுத்த மாதமே வந்த பொருள் அது. நம் வார்டு கவுன்சிலர் அன்றைக்கு என்ன பேசினார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யாரும் படிக்காமல் விடுவதால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, நாம் ஏற்கெனவே ஒரு காலத்தைப் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்தான் எல்லாம். மன்றம் செய்ய வேண்டியதை அவர் ஒருவரே கையெழுத்துப் போட்டுச் செய்தார். எதிர்த்துக் கேட்க எதிரில் ஆளே கிடையாது. அரசியலமைப்பின் 74-வது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது, மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது, அப்படியும் இதுதான் நடந்தது. எனக்கு அதைவிட வருத்தம், ஊரில் பெரிதாக யாரும் வித்தியாசத்தை உணரவில்லை என்பது. கூட்டம் நடந்தபோதே நாம் எட்டிப் பார்க்கவில்லை, அப்புறம் நடக்காதபோது எப்படித் தெரியும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றாலே குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பிறகு போட்டியிடவே முடியாது என்றும் இருக்கிறது. பெருமையாகச் சொல்ல வேண்டிய வரி அதுதான் என்பேன்.

பெண் கவுன்சிலர்கள் பற்றியும் ஒன்று. பாதி இடம் அவர்களுக்கு. சட்டம் கொடுத்த அந்த நாற்காலியின் அஜெண்டாவைக் கணவர் வாங்கிப் போவதும், வார்டு வேலைக்குக் கணவரே அலுவலகத்தில் பேசுவதும் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. தெருவில் தண்ணீர் வராத நாளின் கஷ்டம் யாருக்கு அதிகம் தெரியுமோ அவர் கையில் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். அதனால் நேரில் போகும்போது அந்த அம்மாவிடமே பேசுங்கள், அண்ணன் எங்கே என்று கேட்காதீர்கள்.

சரி, இதைப் படிக்கிற கவுன்சிலர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டா கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊர்ப் பணத்துக் கணக்கு. தண்ணீர் திறந்துவிடுகிறவர், ஓய்வுபெற்ற ஓவர்சியர், மோட்டார் மெக்கானிக் என்று விஷயம் தெரிந்த ஆள் எல்லா வார்டிலும் இருப்பார். எந்தத் தொகை இடிக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கவுன்சிலர் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கடைசி ஓராண்டுத் தீர்மானப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம், பழையவரோ புதியவரோ, அந்த நகலைக் காட்டி அந்த மோட்டார் பற்றிக் கேளுங்கள்.