வெர்டூனில் பங்கு பிரிக்காமல் இருந்திருந்தால் மட்டும்?

843-இல், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்குப் பேரரசர் சார்லமேனின் பேரன்கள் மூன்று பேரும் வெர்டூன் ஊரில் நாட்டைக் கூறு போடாமல் இருந்திருந்தால் பிரான்ஸ், ஜெர்மனி என்று இரண்டு நாடுகளே வந்திருக்காது, 1870-இல் அவை மோதிய போர் இல்லை, 1914 உலகப்போர் இல்லை, ஐரோப்பா ஆயிரம் வருடம் முன்பே ஒன்றாகியிருக்கும் என்று ஒரு வாதம் வரலாற்று ஆர்வலர்கள் மத்தியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

பிராங்குகள் என்ற அந்த ஜெர்மானிய இனத்தாருக்கு நாடு என்பது குடும்பச் சொத்து. அப்பா போனால் மகன்களுக்குப் பாகம், அவ்வளவுதான். 511-இல் அவர்களின் அரசர் குளோவிஸ் இறந்தபோது நான்கு மகன்களுக்கு நான்கு பங்கு. 768-இல் சார்லமேனுக்கே ஒரு பங்குதான் கிடைத்தது, தம்பி கார்லோமான் மூன்று வருடத்தில் செத்துப்போனதால் மீதியும் கைக்கு வந்தது (தம்பி பிள்ளைகளுக்குப் போக வேண்டியதை இவர் வளைத்துக்கொண்டார் என்பது தனிக்கதை). அந்த சார்லமேனும் 806-இல் மூன்று மகன்களுக்கும் பிரித்து எழுதி வைத்தார். 810-இல் பிப்பின் போனார், 811-இல் சார்லஸ் போனார், மிஞ்சியது லூயி ஒருவர். ஆக 814-இல் பேரரசு சிதறாமல் இருந்ததற்கு இரண்டு சாவுகள்தான் காரணம், இதில் யாருடைய தொலைநோக்கும் இல்லை.

ஒற்றுமைக்காக நிஜமாகவே மெனக்கெட்டவர் லூயிதான். 817-இல் மூத்தவன் லோத்தார் பேரரசன், தம்பிகள் அவனுக்குக் கீழே என்று விதி போட்டார். தன் பேரே அதில் இல்லையென்று இத்தாலியை ஆண்ட அண்ணன் மகன் பெர்னார்ட் கிளம்ப, அவன் கண்களைக் குருடாக்கினார்கள், அதிலேயே செத்தான். அப்புறம் லூயி இரண்டாவதாக ஜூடித்தைக் கட்டினார், 823-இல் ஒரு மகன் பிறந்தான், அவனுக்கும் பாகம் வேண்டும் என்றானதும் அசல் பங்காளிச் சண்டை. 833-இல் கோல்மார் பக்கத்தில் ஒரு வெளியில் அப்பாவும் மூத்த தாரத்துப் பிள்ளைகளும் படையோடு எதிரெதிரே நின்றார்கள், சமாதானம் பேச வந்தேன் என்று போப்பும் லோத்தாரோடு வந்திருந்தார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே லூயியின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு வாள்கூட உருவப்படவில்லை, பேரரசர் சரணடைந்தார். ‘பொய்களின் வெளி’ என்று அந்த இடத்துக்குப் பேரே வைத்துவிட்டார்கள்.

ஏன் போனார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த அரசில் சம்பளம் வாங்கும் நிரந்தரப் படையும் இல்லை, அதிகாரிகளும் இல்லை. நிலம் கொடுத்தால் விசுவாசம், கொள்ளை கிடைத்தால் படை. 796-இல் கிழக்கே தோற்கடித்த அவார் இனத்தாரின் பொக்கிஷம் வந்தது, 804-இல் வட ஜெர்மனியின் சாக்சன்களோடு நடந்த போர்கள் முடிந்தன, அதற்குப் பிறகு வாரிக் கொடுக்கப் பெரிய வேட்டை எதுவுமே இல்லை. புது நிலம் வராதபோது பிரபுக்களுக்கு லாபம் அண்ணன் தம்பி சண்டைதான், யார் அதிகம் தருகிறானோ அவன் பக்கம். நான்கு மகன்களுக்குப் பதில் ஒரே மகன் இருந்திருந்தாலும் அந்தப் பிரபுக்கள் ஒரு சித்தப்பாவையோ மருமகனையோ தேடிப் பிடித்திருப்பார்கள்.

மொழியாவது ஒன்றாகியிருக்கும் என்பார்கள். அதுவும் இல்லை. பிரசங்கத்தை மக்கள் பேசும், லத்தீனிலிருந்து கிளைத்த ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ செய்யுங்கள் என்று தூர் நகரத் திருச்சபைக் கூட்டம் சொன்னது 813-இல், வெர்டூனுக்கு முப்பது வருடம் முன்னால்.

சரி, ஒன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கவே வேண்டாம், நடந்திருக்கிறது. வாரிசுகள் வரிசையாகச் சாக, 885-இல் கிட்டத்தட்ட முழுப் பேரரசும் லூயியின் பேரன் ‘பருத்த சார்லஸ்’ ஒருவர் கைக்கு வந்தது. அதே வருடம் வடக்கிலிருந்து வந்த கடற்கொள்ளையர்களான வைகிங்குகள் பாரிஸை முற்றுகையிட்டார்கள். உள்ளே கோமகன் ஓதோ மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார், பேரரசர் மறு வருட இலையுதிர் காலத்தில்தான் படையோடு வந்தார். வந்து சண்டை போடவில்லை, 700 பவுண்டு வெள்ளி தருவதாக ஒத்துக்கொண்டு, பர்கண்டியைக் கொள்ளையடிக்கவும் வழிவிட்டார். ஆற்றில் வழிவிட பாரிஸ்காரர்கள் மறுத்ததால் வைகிங்குகள் கப்பல்களைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது வேறு. 887-இல் அண்ணன் மகன் அர்னுல்ஃப் அவரைக் கவிழ்த்தார், அடுத்த வருடம் மேற்கில் ஓதோவே அரசரானார். ஒன்றுபட்ட பேரரசு மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. இத்தாலியிலிருந்து சேன் நதிவரை ஒரு மனிதர் குதிரையில் ஓடி ஓடிக் காப்பாற்ற முடியுமா?

மாற்று வரலாறு எழுதியே ஆக வேண்டும் என்பவர்கள் 843-ஐ விட்டுவிட்டு 806-ஐ எடுங்கள் என்பேன். அந்தப் பிரிவினையில் லூயிக்கு அக்விட்டேன் (இன்றைய தென்மேற்கு பிரான்ஸ்) உள்ளிட்ட தெற்கு, பிப்பினுக்கு இத்தாலியும் பவேரியாவும். சார்லமேனின் மகன் சார்லஸ் பங்கில் ரைன் நதியின் இரண்டு கரையும், மேற்கே நியூஸ்ட்ரியா (இன்றைய வட பிரான்ஸ்) முதல் கிழக்கே சாக்சனி வரை, பிராங்குகளின் பழைய தாயகம் மொத்தமும் ஒரே துண்டாக வருகிறது. பிப்பினும் அவரும் சாகாமல் இருந்திருந்தால் பேரரசு பிரிந்திருக்கும், ஆனால் பின்னால் பிரான்ஸ் என்றும் ஜெர்மனி என்றும் ஆன இடங்களில் பெரும்பகுதி ஒரே ராஜ்யமாக இருந்திருக்கும். ஒரே சிக்கல், அந்த ஆவணத்தில் பேரரசர் பட்டம் யாருக்கு என்று சார்லமேன் எழுதவே இல்லை. அடுத்த சண்டை அதில்தான் ஆரம்பித்திருக்கும்.