வலிக்காத நெறிக்கட்டியை அப்படியே விட்டுவிடாதீர்கள்

"நெறிக்கட்டி வலித்தால்தான் டாக்டரிடம் போகணும், வலிக்காவிட்டால் தானாகக் கரைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் காத்திருந்துவிடக் கூடாது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

தொண்டைப் புண், சொத்தைப் பல், காலில் சீழ்பிடித்த காயம் என்று ஏதாவது தொற்று வந்தால், அதற்குப் பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சு (கிருமிகளை வடிகட்டும் சிறு உறுப்பு; இது வீங்குவதுதான் நெறிக்கட்டி) வீங்கும், தொட்டால் வலிக்கும். தொற்று அடங்கியதும் சில வாரங்களில் அது சுருங்கிவிடும். வலியே இல்லாமல், கெட்டியாக, விரலால் தள்ளினாலும் நகராமல் வளர்கிற கட்டிதான் அதிகக் கவலைக்குரியது. காசநோயிலும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் பல நேரம் வலி இருக்காது. அதற்காக வலிக்காத கட்டியெல்லாம் புற்றுநோய் என்று பதறவும் வேண்டாம். பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

2 முதல் 4 வாரமாகியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைகிற அளவு வியர்த்தாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ, காறை எலும்புக்கு மேலே கட்டி தென்பட்டாலோ அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமென்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

முதலில் பொது மருத்துவரே போதும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவையென்றால் ஊசியால் மாதிரி எடுப்பது என்று போகும். லிம்போமா சந்தேகம் இருந்தால் ஊசி மட்டும் பல நேரம் போதாது, முடிச்சையே எடுத்து பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்வார்கள். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை போடாதீர்கள். வீக்கம் தற்காலிகமாக வடிந்து, பயாப்ஸியிலும் நோய் தெரியாமல் போகலாம்.