மே 17 நார்வேயின் சுதந்திர தினமா?

“மே 17, நார்வே ஸ்வீடனிடமிருந்து விடுதலை பெற்ற நாள். அன்று ஓஸ்லோவில் ராணுவ அணிவகுப்பு நடக்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். 1814-இல் டென்மார்க் மன்னர் நார்வேயை ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்தார். நார்வே மக்கள் அதை ஏற்கவில்லை. 112 பிரதிநிதிகள் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடித் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். அது கையெழுத்தான நாள்தான் மே 17. வருத்தம் என்னவென்றால், அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஸ்வீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைய வேண்டியதாயிற்று. ஆனாலும் அரசியலமைப்பைக் கைவிடவில்லை, திருத்தி வைத்துக்கொண்டார்கள். இந்த உறுதிதான் அந்த நாளின் பெருமை.

சரி, ஸ்வீடனிடமிருந்து பிரிந்தது எப்போது? நார்வே நாடாளுமன்றம் அதை அறிவித்தது 1905 ஜூன் 7 அன்று. அந்த நாளில் கொடி ஏற்றுவார்கள், ஆனால் பொது விடுமுறை இல்லை.

அப்புறம் அந்த அணிவகுப்பு. மே 17-இன் உயிரே குழந்தைகள் ஊர்வலம்தான். பள்ளிப் பிள்ளைகள் கொடியும் பேண்ட் வாத்தியமுமாக ஓஸ்லோ அரண்மனையைக் கடந்து செல்ல, அரச குடும்பம் மாடத்திலிருந்து கையசைக்கும்.

நார்வே நாடாளுமன்ற இணையதளத்தில் இந்த வரலாற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சரியான விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.