இரண்டே பந்தயம், ஒரு வெற்றி

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் 200 வெற்றிகளிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தத் தொடரின் முதல் வெற்றியாளர் யாரென்று கேட்டால் ரசிகர்களிலேயே பலர் விழிப்பார்கள். கான்சஸ் மாநிலத்தின் ஹால்ஸ்டெட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜிம் ரோப்பர்தான் அவர். அத்தொடரில் அவர் ஓட்டியதே இரண்டு பந்தயங்கள்.

1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில், முக்கால் மைல் மண் தடத்தில், 200 சுற்றுகள் கொண்ட அத்தொடரின் முதல் பந்தயத்தை நாஸ்காரை நிறுவிய பில் ஃபிரான்ஸ் நடத்தினார். கடையிலிருந்து வாங்கியபடியே, எதையும் மாற்றாத கார்கள் மட்டுமே ஓடலாம் என்பது நிபந்தனை. செய்தித்தாள் படக்கதை ஒன்றில் இப்பந்தயத்தைப் பற்றிய குறிப்பைக் கண்ட ரோப்பர், பந்தயத்தில் ஓட்டவிருந்த லிங்கன் காரிலேயே ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து சார்லட்டுக்கு வந்து சேர்ந்தார். (பந்தயக் காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வருவதை இன்று யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?)

ஆனால் எல்லைக் கோட்டை முதலில் கடந்தவர் அவரல்லர். கிளென் டனவே ஓட்டிய 1947ஆம் ஆண்டு ஃபோர்டு, ரோப்பரை விட மூன்று சுற்றுகள் முன்னால் இருந்தது. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது, அதன் பின்பக்க ஸ்பிரிங்குகளில் கைவைத்திருந்தது தெரியவந்தது. கள்ளச்சாராயம் கடத்துவோர் செய்த வேலைப்பாடு அது: எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காது; அதே விறைப்பு, வளைவுகளில் வண்டி தடுமாறாமலும் காக்கும். டனவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2,000 டாலர் முதற்பரிசு ரோப்பருக்குப் போனது. டனவே ஓட்டிய காரின் உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட் 10,000 டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதை ஓசியில் வந்த வெற்றி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டனவேயின் மீது எனக்கு இரக்கம் உண்டு. கார் அவருடையதும் அன்று. ஆயினும் அன்றைய போட்டியே மாற்றாத காரை யார் நன்றாக ஓட்டுகிறார் என்பதுதான் என்றிருக்க, அந்த ஃபோர்டுக்குப் பரிசைக் கொடுத்திருந்தால் விதி முதல் நாளிலேயே செத்திருக்கும். விதிக்குட்பட்டு ஓடிய கார்களில் முதலில் வந்தது ரோப்பரின் லிங்கன்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வட கரோலினாவின் ஹில்ஸ்பரோவில் ஓட்டிய அடுத்த பந்தயத்தில் அவர் 15ஆம் இடத்தில் வந்தார். அதன்பின் அத்தொடரில் அவர் ஓட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானபோதும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்தது அதே கணக்கு: பந்தயம் 2, வெற்றி 1.