பம்பையும் உடுக்கையும் போதாதா?
தாழ்ந்த அடிநாதத்தைத் தரும் பேஸ் கிட்டார் இல்லாமல் இருவர் மட்டும் வாசிக்கும் ராக் இசையில் ஒலி நிறைவு இராது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த, கிட்டார் வாசித்துப் பாடும் ஜாக் வைட், டிரம்ஸ் வாசிக்கும் மெக் வைட் இருவரின் ‘தி வைட் ஸ்ட்ரைப்ஸ்’ குழு 1999-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை, காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும்போது தற்செயலாகக் கேட்கத் தொடங்கி, சென்ட்ரல் வருவதற்குள் அதன் பதினேழு பாடல்களையும் இரண்டு முறை கேட்டுவிட்டேன். கிட்டாரின் தடித்த கம்பிகளே அடிநாதத்தைத் தாங்கிக்கொள்கின்றன. இட்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் எதுவும் என் காதில் படவில்லை. ஆடி மாதத்தில் எங்கள் சத்துவாச்சாரி அம்மன் கோயில் தெருவை ஒரு பம்பையும் ஓர் உடுக்கையும் நிரப்பிவிடுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது வியப்பாகவும் இல்லை. மெக்கின் டிரம்ஸ் மிக எளிமையானது என்று அக்கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒரு நண்பர் குறைகூறியிருக்கிறார். மெக் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் இடையில் விடும் அந்த இடைவெளியில்தான் ஜாக்கின் குரல் ஏறி நிற்கிறது என்பதை அந்த நண்பர் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.